தவளை வண்டிக்கு நான் போட்ட முதல் ஒட்டு

கதிர், இதை உட்கார்ந்து படி. நின்றுகொண்டே படித்தால் நடுவில் போன் வரும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்துச் சட்டைப் பையில் வைப்பாய், சட்டை துவைக்கப் போய்விடும். அம்மா உனக்கு இதுவரை கடிதம் எழுதியதில்லை. எழுதவேண்டிய தூரத்துக்கு நீ போனதுமில்லை. இப்போதும் ஒன்றும் பெரிய தூரமில்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுப்புரம். கல்யாணம் முடிந்ததும் நீயும் சுகன்யாவும் அங்கேயே குடிபோவதுதான் இரண்டு பேர் வேலைக்கும் வசதி என்று முதலில் சொன்னவளே நான்தான். சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த உன் துண்டைப் பார்த்து அழுதவளும் நான்தான். அதை விடு.

நேரில் சொல்லத்தான் பார்த்தேன். போன வாரம் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது, "கதிரு, அந்த வெள்ளம் வந்த வருசம்..." என்று ஆரம்பித்தேன். "அத வுடும்மா, எப்பவோ நடந்தது" என்று எழுந்து மாடிக்குப் போய்விட்டாய். உனக்கு எப்போதும் அந்தப் பழக்கம். எனக்குச் சங்கடமான பேச்சு வருகிறது என்று தெரிந்தாலே போதும், எனக்காக நீ எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். படித்து முடித்ததும் சுகன்யாவிடமும் கொடு. அவளும் படிக்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

நான் பிளாஸ்டிக் ஒட்டுகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேரிப் பக்கம் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். உன் அப்பா லாரியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், உடைந்த குடத்தையும் பக்கெட்டையும் சூட்டுக் கம்பியால் ஒட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். பிறகு சூடான காற்று ஊதும் கன் வாங்கினேன். தொட்டி, பைக் மாஸ்க், கார் பம்பர் என்று வேலை பெருகிப் பஸ் ஸ்டாண்டு பின்னால் கடையே போட்டாயிற்று. உனக்கு ஐந்து வயசிருக்கும்போது குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு, மல்லாட்டைக் கடலை மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாய். நான் அதைக் கண்டுபிடித்து, ஒட்டி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். மறுநாள் நீ வந்து, "அம்மா, கொடத்துக்குக் காயம் தானா ஆறிடுமா?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஏழாம் வகுப்புவரை நீ அதை நம்பிக்கொண்டிருந்தாய் என்று சுகன்யாவுக்குத் தெரியவேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, யூசுப் பாய் அந்த வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு நம் கடைக்கு வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். வரும்போது எல்லோரும் டிவியும் தங்கமும் கொண்டுவருவார்கள், இவர் தண்ணீரிலும் தரையிலும் ஓடுகிற ஒரு பழைய வண்டியை வாங்கி அனுப்பியிருந்தார். குளிக்கிற தொட்டிக்கு ஆறு சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிதான். தண்ணீரில் இறங்கினால் அந்த ஆறு சக்கரமும் துடுப்பு மாதிரி சுற்றித் தள்ளிக்கொண்டு போகும். கழிமுகத்தில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். நம் தெரு அதற்கு ஒரே நாளில் தவளை வண்டி என்று பேர் வைத்துவிட்டது. கல்தூண் ஒன்றில் இடித்து, முன்பக்கம் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில், அடிவயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்.

"பாண்டில ரெண்டு எடத்துல காட்டிட்டேன். மொத்த பாடியையும் மாத்தணும்னு சொல்லிட்டானுங்க. ஒன்னால ஆவுமா தங்கச்சி?" என்று கேட்டார்.

நான் கீறல் ஓரத்தில் நகக்கண் அளவு சுரண்டியெடுத்துத் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. கொளுத்திப் பார்த்தேன், மெழுகுவர்த்தி வாசனை. நான் ஆறு வருஷம் கையாண்ட அதே தொட்டிப் பிளாஸ்டிக். "ஆவும் பாய்" என்றேன். எதிர்க்கடை, பக்கத்துக்கடை எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது. பக்கெட் ஒட்டுகிறவள் என்று என்னைச் சொன்ன அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். நீயும் விழுப்புரத்தில் எலக்ட்ரீசியன் வேலையை முடித்துக்கொண்டு வந்தவன், டிபன் டப்பாவைக்கூட வைக்காமல் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாய். பாய் உன்னை உட்காரவைத்து, கைப்பிடி எப்படி, கியர் எப்படி என்று காட்டினார். அன்றைக்கே இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டீர்கள். அவருக்கு உன் அப்பா வயசு, உனக்கு இருபத்துமூன்று.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது, கரண்ட் போய்விட்டது. மறுநாளும் வரவில்லை. காற்று ஊதும் கன்னுக்குக் கரண்ட் வேண்டும். அது இல்லாமல் அந்தப் பிளாஸ்டிக்கை ஒட்டவே முடியாது. எந்தப் பசையும் அதில் பிடிக்காது, எண்ணெய்த் தாளில் சோற்றுப்பசை தடவின கதைதான். இது எனக்குத் தெரியும் கதிர். தெரியாமல் செய்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், அதை முதலில் மாற்றிக்கொள். தெரிந்தே செய்தேன். புதன்கிழமை காலையில் ஃபைபர் துணியை வெட்டி, ரெசின் என்கிற பசையைப் பூசி, கீறல் மேல் இரண்டு அடுக்கு போட்டு, காய்ந்ததும் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. மருந்துக்கடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஒயர் இழுத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், என்னால் முடியவில்லை என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். கரண்ட் வந்ததும் இதைப் பிய்த்துவிட்டு ஒழுங்காகப் போட்டுக்கொள்ளலாம், பாய் எப்படியும் அடுத்த வாரம்தானே வருவார் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாய் அடுத்த வாரம் வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானமே வந்து நின்றார். நனைந்து, மூச்சிரைத்துக்கொண்டு. வளவனூர்ப் பக்கம் ஏரி உடைந்து வயல்காடெல்லாம் தண்ணீர். ஒரு மோட்டார் கொட்டகையில் தனலட்சுமி என்ற அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார், நடக்கவைக்க முடியாது. படகு போனால் பாதி வழியில் சேற்றில் தட்டிவிடுகிறது. டிராக்டர் போனால் முங்கிவிடுகிறது. தவளை வண்டி ஒன்றுதான் போகும் என்று யாரோ பாய்க்குப் போன் செய்திருக்கிறார்கள்.

"தங்கச்சி, வேல முடிஞ்சுதா? ஜல்தியா சொல்லு. தண்ணில எறங்கணும். தாங்குமா?"

நான் குனிந்து ஒட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். ஓரம் எழும்பியது. ஒரு நெல் அளவு. கட்டை விரலால் அழுத்தினேன், உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் நீ நின்றுகொண்டிருந்தாய், அதற்குப் பின்னால் தெரு நின்றுகொண்டிருந்தது. நான் நிமிர்ந்து, "தாங்கும் பாய்" என்றேன்.

நீ அப்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்கம்மா போட்ட ஒட்டு பாய், ஜென்மத்துக்கும் போவாது. நானும் வர்றேன். எனக்கு நீச்சல் தெரியும்." லுங்கியை அவிழ்த்துப் போட்டு, அரைக்கால் சட்டையோடு அந்த மினி லாரியில் ஏறினாய். என் பிள்ளை ஏறிய பிறகாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். லாரி மேம்பாலத்தைத் தாண்டுகிறவரைக்கும் நின்று பார்த்தேன். பாயின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. போன் கையிலேயே இருந்தது. செய்யவில்லை.

நடந்ததை எனக்குப் பிற்பாடு பாய்தான் சொன்னார். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. கொட்டகையில் அந்த அம்மாவைக் கதவுப் பலகையோடு தூக்கி வண்டியில் குறுக்காக வைத்தீர்கள். கால் ஆடாமல் பிடிக்க வேண்டும் என்று பாய் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அந்த வேலை அவருக்குத்தான் தெரியும். வண்டியை நீ ஓட்டினாய். பாதி வழியில் உன் காலடியில் தண்ணீர் ஏறியது. ஒட்டு முழுசாக, பொரித்த அப்பளம் மாதிரி, வண்டிக்கு முன்னாலேயே மிதந்து போனதாம். நீ சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கீறலில் திணித்துக் குதிகாலால் அழுத்திக்கொண்டே ஓட்டினாய். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் ஒரு டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தார். ரோட்டுக்கு இன்னும் நூறடி இருக்கும்போது இன்ஜினில் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. நீ குதித்து, கழுத்தளவு தண்ணீரில் வண்டியைத் தள்ளினாய். முங்கிக் கிடந்த முள்கம்பி வேலி உன் இடது காலைக் கணுக்காலிலிருந்து பாதம்வரை கிழித்தது. கிழித்தது யாருக்குமே தெரியாது. கரைக்கு வந்து அந்த அம்மாவை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகு, நீ உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் சிவப்பாவதைப் பார்த்துத்தான் பாய் உன்னையும் அதே ஆம்புலன்சில் ஏற்றினார்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தாய். காலில் சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நான்காவது நாள் டாக்டர் இரண்டு விரலை எடுக்கவேண்டி வரலாம் என்றார். எடுக்கவில்லை, காப்பாற்றிவிட்டார்கள். அப்பா நாக்பூரில் லோடோடு மாட்டிக்கொண்டு, தினம் போனில் "அவன் சாப்ட்டானா, சாப்ட்டானா" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது நாள் யூசுப் பாய் உன்னைப் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, உன் தலையைத் தடவிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"ஒட்டு எப்பிடி தம்பி மொத்தமா பேந்துக்கினு போச்சு?"

நான் பிளாஸ்கிலிருந்து கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். அந்த ஒரு பார்வையில் உனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை கரண்ட் இல்லை என்பது எலக்ட்ரீசியனுக்குத் தெரியாதா?

"என் தப்பு பாய்" என்றாய். "திரும்புறப்போ கொட்டாய்க் கல்லுல இடிச்சிட்டேன். நீங்க அந்தம்மாவப் பாத்துக்கினு இருந்தீங்க, கவனிக்கல. அம்மா ஒட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

பாய் ஆரஞ்சுப் பையைக் கட்டிலோரம் வைத்தார். "பாத்து ஓட்டியிருக்கணும் தம்பி. அந்தம்மா உசுரு அதுல இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. ஆனால் உன் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். வாழ்க்கையில் உன்னை யாரும் அப்படிப் பொறுப்பில்லாதவன் என்று சொன்னதில்லை. நான் கஞ்சியை உன் கையில் கொடுத்தேன். "சூடா கீது, ஊதிக் குடி" என்றேன். கதிர், என் ஐம்பத்திரண்டு வயசில் நான் பேசியவற்றிலேயே மிக மோசமான வார்த்தை அதுதான்.

ஒட்டைப் பற்றிச் சொன்ன பொய் பயத்தில் சொன்னது. ஆஸ்பத்திரியில் சும்மா இருந்ததற்கு எந்தப் பேரும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை அம்மாவுக்காகப் பழியை வாங்கிக்கொண்டால் பெருமைப்படுகிற அம்மாக்கள் இருப்பார்கள். நான் அன்றைக்கு ஒரு நிமிஷம் அப்படிப் பெருமைப்பட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். சுகன்யாவோடு நீ குடித்தனம் நடத்தும்போது இதே குணம் வரும். அவளுக்காக, உன் பிள்ளைகளுக்காக, கேட்காமலேயே பழியை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வாய். போடாதே கண்ணு. உன்னால் சுமக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தப்புச் செய்தவர் அதைச் சொல்லித் தலைநிமிர்வதற்கு வழியே இல்லாமல் போய்விடும். ஒட்டுப் போடுவதையும் குடும்பத்தையும் ஒப்பிட்டு மண்டபத்தில் மைக் பிடிப்பவர்கள் பேசட்டும், எனக்கு அதெல்லாம் வராது. நான் எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. மார்க்கெட் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிக் கோட்டக்குப்பம் போனேன். பாய் தொழுகை முடித்து வரும்வரை வாசலில் நின்றேன். உள்ளே வரச்சொன்னார். "இல்ல பாய், நின்னுக்கினே சொல்லிட்றேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போனது, ரெசின் பூசியது, நகத்தில் ஓரம் எழும்பியது, நீ ஆஸ்பத்திரியில் சொன்னது பொய் என்பது வரைக்கும்.

உனக்குத் தெரியும், அவர் கோபப்படுகிற ஆளில்லை. அன்றைக்குப் பட்டார். முகமெல்லாம் சிவந்துபோயிற்று. "தாங்காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாலு டயர் டியூபு கட்டிக்கினு போயிருப்பேனே! அந்தம்மா செத்திருந்தா? ஒம் புள்ள செத்திருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?" என்று கத்தினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அவரே படியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டியக் கொண்டாறேன். நீதான் பண்ணணும். பண்ணிட்டு நீதான் மொதல்ல ஏறணும்" என்றார். சரி என்றேன். வளவனூருக்குப் போய்த் தனலட்சுமி அம்மாவிடமும் இதைச் சொல்கிறேன் என்றேன். அப்படியே போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்ன சொன்னார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள், கல்யாணத்துக்கு வருகிறார். ஒரு வார்த்தைகூட என்னைக் குறைவாகப் பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது முறை வண்டி வந்தபோது மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். நீ வீட்டில் காலைத் தூக்கிவைத்துப் படுத்திருந்தாய், அதனால் பார்க்கவில்லை. பழைய ரெசின் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் சுரண்டினேன். கீறல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டேன். கீறலை வாய்க்கால் மாதிரி செதுக்கி அகலப்படுத்தினேன். அதே வண்டியின் உடைந்த மட்கார்டிலிருந்து கம்பி கம்பியாக அறுத்துக்கொண்டேன், அதே பிளாஸ்டிக்காக இருந்தால்தான் சேரும். முதலில் துண்டுப் பிளாஸ்டிக்கில் ஒட்டிப் பார்த்து, குறட்டால் பிய்த்தேன், பிய்ந்தது. சூடு போதவில்லை. மறுபடி ஒட்டினேன், பிய்யவில்லை. அப்புறம்தான் வண்டியில் கை வைத்தேன். வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, இரண்டும் உருகி ஒன்றாகும்வரை அங்குலம் அங்குலமாக. தண்ணீர் ஊற்றி ஆறவைக்காமல் தானாக ஆறவிட்டேன். பார்க்க ஒன்றும் லட்சணமில்லை, தையல் போட்ட வயிறு மாதிரி இருந்தது. மேலே பெயிண்ட் அடிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிரம்மதேசம் போகிற வழியில் ஏரி நிரம்பிக் கிடந்தது. பாய் சொன்னபடியே என்னை ஏறச்சொன்னார். எனக்கு நீச்சல் தெரியாது. கிணற்றைக்கூட எட்டிப் பார்க்கமாட்டேன். உன் பாட்டி வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வண்டி கரையிலிருந்து சரிந்து தண்ணீரில் இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன். நடு ஏரிக்குப் போய் பாய் இன்ஜினை நிறுத்தினார். காற்று மட்டும் அடித்தது. வண்டி லேசாக ஆடியது.

"இப்ப சொல்லு தங்கச்சி. தாங்குமா?"

"தெரியல பாய்" என்றேன். "பாத்துட்டுத்தான் சொல்லணும்."

குனிந்து ஒட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அப்படியே கால் மணி நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடியும் காய்ந்துதான் இருந்தது. பாய் அப்போதுதான் சிரித்தார். அந்த வண்டி இன்றைக்கும் அதே ஒட்டோடுதான் ஓடுகிறது.

அன்று கரைக்குத் திரும்பும்போது அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். "நான் வந்து சொன்னேன்னு கதிருகிட்ட சொல்லாதீங்க பாய். நானே சொல்லிக்கிறேன்." தலையாட்டினார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறார். நான்தான் நாலு வருஷமாகச் சொல்லவில்லை. கடைக்கு வரும்போதெல்லாம், நீ இல்லாத நேரம் பார்த்து, "சொல்லிட்டியா?" என்று மெதுவாகக் கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். நீயோ, அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய்விடுகிறாய். எவ்வளவு ஆசையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்! அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு நீ ஒளிகிறாய், உன்னை வெட்கப்படவைத்தவள் கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அவர் ஒரு தடவை, "தம்பிக்கு எம்மேல கோவமா தங்கச்சி?" என்று கேட்டபோதாவது நான் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் தைரியம் வரவில்லை. மன்னித்துக்கொள் என்று பிள்ளையிடம் கேட்பதற்கு இவ்வளவு காலம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள் கதிர்.

நேற்று அவருக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வழக்கம்போல அதே கேள்வியைக் கேட்டார். "கல்யாணத்துக்குள்ள சொல்லிட்றேன் பாய்" என்றேன். "அப்ப நான் மொத நாளே வந்துட்றேன். மாப்பிள்ளைய நான்தான் அழைச்சிக்கினு வருவேன்" என்றார்.

அவருக்கு அந்த வெள்ளிக்கிழமையே எல்லாம் தெரியும். நீ எந்தக் கல்லிலும் இடிக்கவில்லை என்று தெரியும். திறந்த கீறலைக் குதிகாலால் அடைத்துக்கொண்டு, உடம்பு முடியாத ஒரு பொம்பளையைக் கரைசேர்த்தவன் நீ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊரில் உன் ஒருவன் காதுக்கு மட்டும் வராமல் பார்த்துக்கொண்டார். அவர் வாசலில் வந்து நின்று "தம்பி" என்று கூப்பிடுவார். இந்தத் தடவை உள்ளே போய்விடாதே.

உன் அம்மா